கனடா ஆயுதம்

கமலாம்பிகையின் கட்டிலுக்குக் கீழே கனடா கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது மரம் சீவுகிற சீவுளி ஒன்று. பிறகு ஒரு கைவாள், இரண்டு பக்கமும் பிடி வைத்த இழுப்புக்கத்தி, மரத்தில் ஓட்டை போடுகிற துறப்பணம், குறடுகள், ஸ்பானர்கள். வரும்போது எல்லாம் துருவேறி, கிணற்றுக்குள் கிடந்து எழும்பின மாதிரித்தான் வரும். அவளுடைய புருஷன் சிற்றம்பலம் அவற்றைச் சமையலறை வினாகிரியில் ஊறப்போட்டு, இரும்புப் பஞ்சால் தேய்த்து, தையல் மெசின் எண்ணெய் பூசி, பழைய சேட்டுத் துணியில் சுற்றி வைப்பார். சுற்றுவதற்கு முன்னம் இரும்பில் குத்தியிருக்கும் எழுத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். 'மேட் இன் கனடா.' கமலாம்பிகைக்கு ஜெர்மன் பாஷை பிடிபடாவிட்டாலும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் பிடித்தது.

பிடிக்காமல் என்ன செய்யும்? அது எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம். ஜெர்மனியின் சோஸ்ட் பட்டினத்துத் தமிழ்ச் சனத்தின் வாயில் கனடாவைத் தவிர வேறு கதை இல்லை. போன வருஷம் ஒரு கூட்டம் கப்பலில் போய் அங்கே இறங்கினதிலிருந்து அகதிகள் வீடுகளில் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கிவிட்டன. போகிறவன் சொல்லிவிட்டுப் போகமாட்டான். வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சத்தியம் வாங்கியிருப்பான். நேற்றுவரை பக்கத்தில் இருந்து சோறு தின்றவன் இன்றைக்கு இல்லை, அவனுடைய சவர்க்காரப் பெட்டி மட்டும் குளியலறையில் இருக்கும். அதனால் ஆளை ஆள் பார்க்கிற பார்வையே மாறிப்போயிருந்தது. புதுச் சப்பாத்து வாங்கினால் சந்தேகம். தலைமயிர் வெட்டினால் சந்தேகம். வழக்கத்துக்கு மாறாக யாராவது அன்பாகக் கதைத்தால் பெரிய சந்தேகம்.

சிற்றம்பலம் ஊரில் சுன்னாகத்து இரும்புக்கடை ஒன்றில் சேல்ஸ்மனாக இருந்தவர். வாழ்நாளில் பாதியை ஆயுதம் விற்பதிலேயே கழித்தவர், ஒரு ஆணியை ஒழுங்காக அடித்தறியாதவர். அந்தக் கடையிலும் அங்கே வந்துபோன தச்சர்மார் வாயிலும் உளி, வாள், சுத்தியல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், ஆயுதம். கடையிலிருந்து அந்தச் சொல் வீட்டுக்கும் வந்து கமலாம்பிகையின் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனிக்கு வந்தபிறகு அகதிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு யன்னலோரம் இருந்து பனியைப் பார்த்தார், தாடி வளர்த்தார், பருப்பில் உப்புக் கூட என்று சண்டை பிடித்தார். ஒரு சனிக்கிழமை பச்சைக்கல் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நடக்கும் பழஞ்சாமான் சந்தையில் அந்தச் சீவுளியைக் கண்டெடுத்தார். அன்றைக்கே தாடியை வழித்தார். கமலாம்பிகைக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள் ஒருநாள், கோதுமை மாவைப் புட்டுக்குக் குழைத்தபடி. "கனடாச் சாமான் ஏன் ஜெர்மனியிலை கிடக்குது?"

"கனடா ஆமிக்காரர் இந்த ஊரிலைதான் கனகாலம் இருந்தவங்கள். எழுபதாம் ஆண்டு வெளிக்கிட்டுப் போட்டாங்கள். தூக்கிக்கொண்டு போக ஏலாததை நிலவறையளிலை விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். இப்ப கிழடுகட்டையள் செத்துப்போக, பிள்ளையள் வீட்டைத் துப்புரவாக்கிச் சந்தைக்குக் கொண்டருதுகள்."

"ஆமிக்காரனுக்கு ஏன் சீவுளி?"

"அவனுக்கும் பெண்சாதி பிள்ளை இருந்ததுதானே. கதிரைக்கால் உடைஞ்சா ஆர் திருத்திறது? துவக்காலை அடிச்சே பொருத்துவான்?"

"ஏன், ஜெர்மன்காரன்ரை சாமான் கூடாதோ?"

"நல்ல சாமான்தான். ஆனா எல்லாற்றை வீட்டிலையும் கிடக்குது. உது அப்பிடியில்லை. இப்ப கனடாவிலையே உப்பிடிச் செய்யிறாங்களோ தெரியாது. பாரும், இந்த வாளைச் சுண்டிப் பாரும். என்னமாப் பாடுது."

அவள் சுண்டிப் பார்க்கவில்லை. வாள் பாடினதையும் அவள் கேட்கவில்லை. 'கனடாவிலையே' என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கினதைத்தான் கேட்டாள்.

ஒன்று சொல்லவேண்டும், மனுஷன் ஆயுதங்களைச் சும்மா சேர்த்து வைக்கவில்லை. வீதியோரம் ஜெர்மன்காரர் எறிந்த அலுமாரிப் பலகைகளைத் தூக்கிவந்து அவர் முதலாவதாகச் செய்த தட்டு, மிளகாய்த்தூள் போத்தலோடு ஒருநாள் கீழே வந்தது. வீடு முழுக்கத் தும்மல். இரண்டாவது தட்டு சரிந்து நின்றாலும் விழவில்லை. தேய்த்துத் தேய்த்துச் சாத்தவேண்டிய சமையலறைக் கதவைக் கழற்றிப் பக்கம் சீவினார். அது ஒற்றை விரலால் தள்ளச் சாத்திக்கொண்டது. தேங்காய்ப்பூவைப் பைக்கற்றில் வாங்கி வெந்நீர் தெளித்துச் சம்பல் போடுகிறாளே என்று, நின்று துருவ ஒரு துருவலைக்கட்டையும் செய்துகொடுத்தார். தேங்காய்க்கு டோட்முண்ட் நகரத்துக்குப் போகவேண்டும், அது வேறு கதை. கட்டை நல்ல கட்டை. அவளுக்கு உள்ளூரச் சந்தோசம்தான். ஆனால் போகிற மனுஷன் போகுமுன் வீட்டைத் திருத்திவைத்துவிட்டுப் போகிறானோ என்று மற்ற மனம் கேட்டது. அந்த மற்ற மனம் சும்மா இருக்கவே இருக்காது.

அதற்குத் தீனி போட்டவன் அவளுடைய தம்பி தவராசா. தாய் செத்த நாளிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஊரில் ஆமிக்காரன் பிடிக்கமுன் அனுப்பிவைக்கவேண்டும் என்று தன்னுடைய தாலிக்கொடியைக் கொடுத்து இங்கே எடுப்பித்தவளும் அவள்தான். இப்போது மீசை வைத்த ஆம்பிளை, முன்னறையில் படுக்கிறான், காலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறான். சனிக்கிழமைகளில் அத்தானுக்குப் பின்னால் அவனை அனுப்புவாள்.

"என்னடா செய்தவர்?"

"இரும்பு பாத்தவர்."

"பிறகு?"

"பிறகு சந்திரமௌலியோடை நிண்டு கதைச்சவர்."

சந்திரமௌலி யார் என்று சோஸ்டில் குழந்தைக்கும் தெரியும். தோல் ஜக்கற் போட்டவன், கார் வைத்திருப்பவன், எந்த வேலையும் செய்யாதவன். கட்டில்கள் காலியாவதற்கு முதல் நாட்களில் கண்ணில் படுகிறவன்.

"என்ன கதைச்சவர்?"

"தூரத்திலை நிண்டனான் அக்கா, கேக்கேல்லை. ஆனா அத்தான்ரை முகம் சரியில்லை. கெஞ்சிற மாதிரி நிண்டார்."

கெஞ்சுகிறார்! தனக்கு ஒரு இடம் தரச்சொல்லிக் கெஞ்சுகிறார்! கமலாம்பிகை அன்றைக்குக் கறிக்கு லீக்ஸ் வெட்டினபோது விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டாள்.

பங்குனியில் அந்த ஸ்குறூ ட்றைவர் வந்தது. அதோடு அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மரப்பிடி, கறுத்த இரும்பு. ஆனால் நுனி தட்டையுமில்லை, நட்சத்திரமுமில்லை. சதுரம். சிற்றம்பலம் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு அதை அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உதைப் பாரும்! சதுரமூக்கு. கனடாக்காரன் கண்டுபிடிச்சது. கடைப் புத்தகத்திலை படம்தான் பாத்தனான், கையிலை பிடிச்சதில்லை."

"உதாலை இஞ்ச எதைக் கழட்டிறது?"

"இஞ்சை ஒண்டையும் கழட்டேலாது. சதுரக் குழி வைச்ச ஸ்குறூ ஆணி கனடாவிலைதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் எண்ணெய்ப் போத்தலைத் தேடப் போய்விட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாளும் உளியும் எங்கேயும் வெட்டும், சரி. கனடா ஆணியை மட்டும் கழற்றுகிற சாமான் சோஸ்டில் இருக்கிற மனுஷனுக்கு எதற்கு? ஆணி இங்கே வராது. அப்படியென்றால் ஆள்தான் ஆணியிடம் போகவேண்டும். இதில் இன்னும் யோசிக்க என்ன இருக்கிறது? அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பாஷை தெரியாத ஊரில் தன்னைத் தனியே விட்டுவிட்டு ஒருநாள் காலையில் இந்த மனுஷன் இல்லாமல் போகப்போகிறார், தான் சவர்க்காரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்று அவளுக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமைகளில் தேவாலய மண்டபத்துப் பின்னறையில் நீமாயர் என்ற ஜெர்மன் மனுஷி அகதிகளுக்குப் புத்தி சொல்ல இருப்பாள். நல்ல மனுஷி, கோப்பி தருவாள். மொழிபெயர்க்கிறது பிளோறன்ஸ். கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி, கன்னியாஸ்திரி மடத்தில் படித்தவள், ஜெர்மன் கடகடவென்று பேசுவாள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பாதிக்கு மட்டும் அவளுக்கு இரண்டாந்தரம் விளக்கம் சொல்லவேண்டும். அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போனால் பிழை என்று நீமாயர் ஒருதரம் கூப்பிட்டுச் சொன்னால் மனுஷன் பயந்து நிற்பார் என்பதுதான் கமலாம்பிகையின் கணக்கு.

"பிளோறன்ஸ், இவர் கனடா ஆயுதம் சேர்க்கிறார்," என்று அவள் தொடங்கினாள்.

பிளோறன்ஸ் பேனையைக் கீழே வைத்தாள். "என்ன அக்கா சொல்றீங்க? ஆயுதமா?"

"ஓம். கட்டிலுக்குக் கீழை. துணியிலை சுத்தி, எண்ணை பூசி வைச்சிருக்கிறார்."

"நீங்க பாத்தீங்களா?"

"என்ரை கட்டிலுக்குக் கீழை கிடக்கிறதை நான் பாக்கேல்லையோ?"

"எங்க இருந்து கிடைக்குது இவருக்கு?"

"கனடா ஆமிக்காரர் விட்டிட்டுப் போனதாம். சனிக்கிழமையிலை ஒவ்வொண்டாக் கொண்டருவார்."

"ஐயோ மாதாவே. உங்களுக்குப் பயமில்லையா அக்கா?"

"பயமில்லாமல் இருக்குமே பிள்ளை? நித்திரையில்லை எனக்கு. கெதியிலை வெளிக்கிடப் போறார். அதுக்கு முதல் இந்த அம்மாவை ஒருக்கா மறிக்கச் சொல்லும்."

பிளோறன்ஸ் நீமாயரின் பக்கம் திரும்பிச் சொன்னாள். அந்தப் பேச்சில் 'வாஃபன், வாஃபன்' என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. ஆயுதத்துக்கு ஜெர்மனில் அதுதான் பெயராக்கும் என்று கமலாம்பிகை மனதில் குறித்துக்கொண்டாள். அவள் நினைத்தது சரிதான். ஊரில் இயக்கங்கள் ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஆயுதம் என்றால் உளியையும் வாளையும் யார் நினைப்பார்கள், சுன்னாகத்து இரும்புக்கடைக்காரனையும் அவனுடைய பெண்சாதியையும் தவிர? நீமாயர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள், முகம் வெளுத்துவிட்டது. தன்னுடைய கவலையை இத்தனை நாளைக்குப் பிறகு ஒருத்தி ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள் என்று கமலாம்பிகைக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்தநாள் காலை அவள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. ஒரு தடித்த ஆள், ஒரு இளம் ஆள், வாசலில் இன்னும் இருவர். சிற்றம்பலத்தைச் சுவரோடு நிற்கச் சொன்னார்கள். அலுமாரியைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்க்கவில்லை. நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்தார்கள். வெங்காயம் கருகுகிற மணம் வந்தும் கமலாம்பிகையால் அசைய முடியவில்லை.

தடித்தவர் ஒரு பொதியை இரண்டு கையாலும் மெல்ல எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவிழ்த்தார். சீவுளி. அடுத்ததை அவிழ்த்தார். துறப்பணம். பிறகு வாள், குறடு, சதுரமூக்கு. "வேர்க்சொய்க்!" என்று சத்தமாகச் சிரித்தார். வேலைச் சாமான் என்று அர்த்தம், அந்தச் சொல்லைக் கமலாம்பிகை அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. அவர் சீவுளியைப் பிடித்துப் பார்த்து, நல்ல சாமான் என்று பெருவிரலைக் காட்டிச் சிற்றம்பலத்தின் தோளிலும் தட்டினார்.

இளம் ஆள் சிரிக்கவில்லை. வந்ததற்கு ஏதாவது பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, முன்னறைக்குப் போய்த் தவராசாவின் பையைத் திறந்து உடுப்புகளைக் கொட்டினான். இது யாருடையது, ஆள் எங்கே என்று கேட்டான். வகுப்பால் வந்ததும் பொலிசுக்கு வந்து முகம் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் தவராசா வந்தான். கட்டிலில் பரவிக் கிடந்த தன்னுடைய உடுப்பைப் பார்த்தவுடன் ஓடிப்போய்ப் பையை எடுத்தான்.

"என்ரை பையை ஏன் திறந்தவங்கள்? நான் என்ன செய்தனான்? இனி என்ரை அகதிக் கேஸ் முடிஞ்சுது அக்கா. பொலிஸ் வந்த வீடெண்டு எழுதிப்போடுவாங்கள். பிடிச்சுத் திருப்பி அனுப்பினா கொழும்பு ஏப்போட்டிலையே வைச்சு முறிப்பாங்கள்."

"ஒண்டும் நடவாதடா. வேலைச் சாமான் எண்டு கண்டிட்டுப் போட்டாங்கள்."

"ஆர் சொன்னது அவங்களுக்கு? ஆரோ சொல்லாமல் வருவாங்களே?"

கமலாம்பிகை அவனுடைய உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். சிற்றம்பலம் பொதிகளைத் திரும்பவும் சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை பார்த்தார்.

"ஆருக்குத் தெரியும் தம்பி," என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஏசவும் இல்லை. கருகின பருப்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். இப்படி ஒரு மனுஷன் பேசாமல் இருக்கிறான் என்றால் மனதில் என்ன வைத்திருக்கிறான்? நாள் குறித்துவிட்டான், அதுதான். வெட்கத்தைவிடச் சந்தேகம் அவளுக்குப் பழகிப்போன சாமான், அதையே திரும்பவும் தூக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவராசா பொலிசுக்குப் போய்வந்தான். பெயரைக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்களாம். ஆனால் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

சனிக்கிழமை ஈரப்பனி கொட்டியது. சிற்றம்பலம் தொப்பியைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வெளிக்கிட்டார். கமலாம்பிகை யன்னலில் நின்று பார்த்தாள். கையில் பை இல்லை. ஆனால் கோட்டுப் பொக்கற் புடைத்திருக்கிறதோ? மூலை திரும்பும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்தாரோ?

"அக்கா, பேக்கரியிலை பாண் வாங்கிக்கொண்டு வாறன்," என்றது பின்னால் தவராசாவின் குரல்.

திரும்பினாள். ஜக்கற் இறுகிப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நின்றான்.

"என்னடா, நல்லாச் சதை வைச்சிட்டாய்."

"உங்கடை சாப்பாடுதானே அக்கா." கிட்ட வந்து அவளுடைய தோளில் முகத்தை ஒருதரம் வைத்து எடுத்தான். சின்னப் பிள்ளையில் அப்படிச் செய்வான். அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. போய்வாடா, தொப்பி போடு என்று அனுப்பிவிட்டு, புருஷன் போன மூலையைப் பார்க்கத் திரும்பவும் யன்னலுக்கு வந்தாள்.

பத்துமணியாகியும் பாண் வரவில்லை. மத்தியானமும் ஆகிவிட்டது. சிற்றம்பலம்தான் வந்தார், வெறுங்கையோடு. தொப்பி முழுக்கப் பனி, அதைத் தட்டாமலே கதிரையில் இருந்தார்.

"இண்டைக்கு ஒண்டும் அம்பிடேல்லையோ?" என்றாள், குத்தலாக.

அவர் நிலத்தைப் பார்த்தார். "உம்மடை தம்பி தவம் போட்டான்."

"எங்கை? பாண் வாங்கவெல்லே போனவன்."

"சந்திரமௌலியின்ரை காரிலை. இப்ப ஒல்லாந்து எல்லை தாண்டியிருப்பாங்கள். அங்கையிருந்து கனடாவுக்கு."

அவள் முன்னறைக்கு ஓடினாள். பை சுவரோரம் இருந்தது. இரண்டு காற்சட்டையையும் மூன்று சேட்டுகளையும் காணவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டல்லவா அவன் அவளுக்கு முன்னால் நின்றான். சதை வைத்துவிட்டாய் என்று அவளே சொன்னாளே! சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். ஊரில் செத்த வீட்டில் அழுத மாதிரி அழுதாள். மேல்மாடிச் சனம் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டது.

அழுது ஓய்ந்தபோது கோபம் மிஞ்சியிருந்தது. எழும்பி வந்தாள்.

"உங்களுக்கு முதலே தெரியுமெல்லே?"

"போன மார்கழி தொடக்கம் தெரியும். அவனைக் கூட்டிக்கொண்டு போகாதை எண்டு கெஞ்சத்தான் நான் சனிக்குச் சனி சந்திரமௌலியிட்டைப் போனது. ஆயுதம் பாக்கிறதெண்டு சொல்லிக்கொண்டு போவன். சித்திரை வரைக்கும் பொறுக்கிறனெண்டு தம்பியும் சம்மதிச்சவன். கேஸைப் பாத்துப்போட்டு முடிவெடுப்பமெண்டு. மனம் மாறிக்கொண்டு வந்தவன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பொலிஸ் வந்ததோடை எல்லாம் போச்சு."

"நீங்கள் போகப்போறியளெண்டெல்லோ நான்..."

"நானோ? நான் எங்கை போறது? உம்மை விட்டிட்டு நான் எங்கை போறது?"

"அப்ப அந்தச் சதுரமூக்கு? இஞ்சை ஒண்டையும் கழட்டாதெண்டு சொன்னியள்."

சிற்றம்பலம் அவளை விளங்காமல் பார்த்தார். "வடிவாயிருந்துது, வாங்கினன்," என்றார்.

வெளியே யாரோ பனி தள்ளுகிற சத்தம் கேட்டது. கமலாம்பிகைக்கு இன்னும் ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை தம்பியைப் பற்றின விஷயம். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"நீர் நீமாயரிட்டைப் போனதை என்னட்டைச் சொன்னனீரோ?"

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

"கட்டிலுக்குக் கீழை எண்டு வீட்டிலை இருக்கிற ஆள் சொல்லாமல் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" குரலை அவர் உயர்த்தவில்லை. "நேரை போய்க் குனிஞ்சவங்கள். முதல்நாள் புதன்கிழமை. அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"தவத்துக்கு..." என்றாள். "தவத்துக்குத் தெரியுமோ?"

"சந்தையடியிலை காருக்குக் கிட்டப் போய்க் கையைப் பிடிச்சனான். உதறிப்போட்டு ஏறினான். வெளிக்கிடேக்கை கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டான். 'அத்தான், எங்களைக் காட்டிக்குடுக்கிற ஆள் ஆரோ இஞ்சை கிட்டத்தான் இருக்கு. அக்கா ஒண்டும் அறியாத மனிசி. அந்த ஆளின்ரை கண்ணிலை படாமல் அவவைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓமெண்டு சொன்னன்," என்றார் சிற்றம்பலம்.